பாகம் பிரித்த கிணறு

எங்கள் ஊரில் முதலில் கிளம்பிப் போனது காத்தாயி வீட்டுக் கிணறுதான், அதுவும் ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து கிடந்த ஒரு மத்தியானத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல். காத்தாயி பாத்திரம் கழுவத் தண்ணீர் எடுக்கலாம் என்று குடத்தோடு கொல்லைப்பக்கம் போனபோது கிணறு இருந்த இடத்தில் ஒரு குழிகூட இல்லை, உப்புப் பூத்த வெள்ளை மணல் சமமாகக் கிடந்தது, துவைக்கிற கல் மட்டும் தனியாக நின்றது. அவள் ஒன்றும் அலறவில்லை. குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஈரம் போன தடத்தைப் பார்த்தபடியே சவுக்குத் தோப்பைத் தாண்டி மேற்கே நடந்து, யாருடைய வெள்ளரிக் கொல்லையிலோ தன் கிணறு உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, "இங்கதான் வந்து ஒக்காந்துருக்கியா" என்று கேட்டுவிட்டு, ஒரு குடம் மொண்டுகொண்டு திரும்பினாள். நடைதான் கூடிப்போச்சு என்று இரண்டு நாள் முனகினாள், அவ்வளவுதான்.

எங்கள் நொச்சிப்புலத்துத் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிழக்கே கடல், தெற்கே உப்பளம், நடுவில் எங்கள் மணல்; அந்த மணலுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கும், குனிந்தால் கையெட்டும் ஆழத்தில் மொண்டுகொள்ளலாம், ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்புதான் வரும். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தேதான் ஆழமாகக் குழாய் இறக்கி மோட்டார் போட்டோம், தெரிந்தேதான் இறால் குட்டைக்கு நிலத்தை விட்டோம், பிறகு ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை தை மாசத்தில் அறுப்புக்கு நின்ற கதிர்மேல் கொட்டியபோதும், புயலுக்குப் புயல் மட்டும் வந்துகொண்டிருந்த கடல் சும்மா கிடக்கிற பௌர்ணமிக்கெல்லாம் முல்லைக் கொல்லைவரை வந்து நனைத்துவிட்டுப் போனபோதும், காலம் கெட்டுப்போச்சு என்று காலத்தைத் திட்டினோம். அதிகாரிகள் வந்து பந்தல் போட்டு, உப்பைத் தாங்கும் நெல்விதை கொடுத்து, வரப்பை உயர்த்துங்கள், மோட்டாரைக் குறையுங்கள், பருவம் மாறுகிறது நீங்களும் மாறுங்கள் என்று மைக்கில் பேசினார்கள். நாங்கள் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கைதட்டினோம். எங்களைவிட எங்கள் கிணறுகள் அந்தப் பேச்சைக் கவனமாகக் கேட்டிருக்கின்றன என்பது பின்னால்தான் தெரிந்தது.

காத்தாயி வீட்டுக் கிணற்றுக்குப் பின்னால் பூசாரி வீட்டுக் கிணறு போயிற்று, பிறகு பள்ளிக்கூடத்துக் கிணறு, பிறகு ஒரே வாரத்தில் மேலத்தெரு முழுக்க. அவை நடப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மேகம் நகர்வது மாதிரிதான் அது, உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படியே இருக்கும், ஒரு தும்மல் தும்மிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும். போகிற வழியில் ஒரு செடியைச் சாய்க்காது, ஒரு சுவரை இடிக்காது, போன தடத்தில் இரண்டு நாளைக்குப் புல் பச்சென்று நிற்கும். தார் ரோட்டைக் கிணறு கடக்கிற நேரத்தில் வேதாரண்யம் போகிற பஸ் நின்று வழிவிட்டது, டிரைவர் ஒருதரம் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, மாடு கன்று போனால் எப்படிக் காத்திருப்பாரோ அப்படிப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

எல்லாம் மேட்டாங்கரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. மேட்டாங்கரை எங்களுக்கு மேற்கே, நடந்தால் ஒரு பொழுது ஆகும், பேருக்கேற்ற மேட்டு நிலம். அந்த ஊர்க்காரர்கள் முதலில் கடுப்பாகிவிட்டார்கள். தங்கள் நிலக்கடலைக் கொல்லையில் வந்து உட்கார்ந்த பூசாரி வீட்டுக் கிணற்றை, பயிரை மேய்ந்த மாட்டை என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள், முள்வேலி போட்டுப் பட்டியில் அடைத்தார்கள். பூசாரி போய், கிணறு புல்லைக்கூட மிதிக்கவில்லையே என்று அழாத குறையாக வாதாடி, அபராதமாக ஒரு பூசையை நேர்ந்துகொண்டு மீட்டார். அப்புறம் அவர்களுக்கே புரிந்துவிட்டது. கோடையில் அவர்கள் குளம் வெடித்துக் கிடந்தபோது எங்கள் கிணறுகளில்தான் தண்ணீர் இருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள்: ஒரு கிணற்றுக்கு நாலு வீடு, மோட்டார் கூடாது, ஆளுக்கொரு குட்டை வெட்டி மழையைப் பிடித்துவைப்பது, தண்ணீர் குடிக்கிற பயிரை விட்டுக் கேழ்வரகும் உளுந்தும் போடுவது. அதிகாரிகள் பத்து வருஷம் மைக்கில் சொல்லி நடக்காதது கிணறு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் நடந்துவிட்டது.

ஊர்க்கட்டு ஒன்றும் வந்தது, அதற்கு ஒரு காரணம் இருந்தது. கீழத்தெருவில் ஒரு குடும்பம், கிணறு போகிறபோது போகட்டும் என்று முன்னாலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டது. அவர்கள் கிணறு கிளம்புகிற நாளில் பின்னால் நடக்க ஆள் இல்லை. திக்குத் தெரியாமல் அது தெற்கே திரும்பி உப்பளப் பாத்திக்குள் இறங்கிவிட்டது, மறுநாள் உப்பு வாருகிற பெண்கள் அங்கே செங்கல் வட்டம் ஒன்று வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அன்றைக்கு ஊர் கூடி முடிவு செய்தது: கிணற்றுக்கு முன்னால் மனுசர் ஊரைவிட்டுப் போகக்கூடாது, கிணறு கிளம்பினால் வீட்டில் ஒருவராவது குடத்தோடு அதன் பின்னால் நடக்க வேண்டும். முன்னாள் தலைவர் சௌந்தரராசு மட்டும் கேட்கவில்லை. என் கிணறு எப்படி ஓடுகிறது பார்க்கிறேன் என்று லோடு லோடாக ஜல்லி இறக்கி, கிணற்றின் அடியில் கான்கிரீட் போட்டார். கிணறு ஓடவில்லைதான். நாலாம் நாள் மூடியைத் திறந்தால் செத்த எலி நாற்றம், அடியில் ஒரு சொட்டு இல்லை. பின்தொடரக் கிணறு இல்லாத அவர் குடும்பம் தலையைக் குனிந்துகொண்டு மேட்டாங்கரைக்குப் போய், காத்தாயி வீட்டுக் கிணற்றில் நாலாவது வீடாகச் சேர்ந்துகொண்டது.

இப்படி ஊரே போய், ஓலைக் கீற்றுகள் காற்றில் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் மிச்சமிருந்த நொச்சிப்புலத்தில், போகாமல் நின்றது ஒரே ஒரு கிணறு. அது எங்களுடையது.

எங்களுடையது என்றால் பாதி எங்களுடையது. என் வீட்டுக்காரர் கலியபெருமாளும் அவருடைய அண்ணன் வேதமூர்த்தியும் மாமனார் செத்த வருஷமே பாகம் பிரித்துக்கொண்டவர்கள். வீட்டைப் பிரித்தார்கள், கொல்லையைப் பிரித்தார்கள், தென்னைமரங்களை ஒன்றுவிட்டு ஒன்று பிரித்தார்கள், கடைசியில் நடுக்கொல்லையில் நின்ற கிணற்றை என்ன செய்வது என்று தெரியாமல், எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி, வாய்க்குக் குறுக்கே ஒரு பனங்கட்டையைப் போட்டு அதன்மேல் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். இந்தப்பக்கம் அரைவட்டம் எங்களுக்கு, அந்தப்பக்கம் அரைவட்டம் மூத்தார் வேதமூர்த்திக்கு. தண்ணீர் கீழே ஒன்றாகத்தான் இருந்தது, அதற்குப் பாகம் பிரிக்கத் தெரியவில்லை. பஞ்சாயத்தார் போகிறபோது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்: இந்தச் சுவரில் எந்த அண்ணன் தம்பி முதலில் கை வைக்கிறானோ அவன் தன் பாதியை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். அன்றையிலிருந்து இரண்டு பேரும் சுவருக்கு வெள்ளையடிக்கக்கூடப் பயந்தார்கள். பேச்சும் அன்றோடு நின்றது.

ஆண்கள் பேசாவிட்டால் என்ன, தண்ணீர் மொள்ளுகிறவர்கள் நாங்கள்தானே. என் ஓரகத்தி அம்சவல்லியக்காவும் நானும் ஒரே கிணற்றில் இரண்டு பக்கமும் வாளி விட்டுக்கொண்டே வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறோம், முகம் பார்க்காமல். அவள் வாளி விழுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு அவளுக்குக் கோபமா, தலைவலியா என்று எனக்குத் தெரியும். என் மகள் நிறைமதி வயிற்றில் இருந்தபோது மாங்காய் வேண்டும் என்று நான் சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும், மறுநாள் என் வாளியில் மாங்காய் மிதக்கும்.

எல்லாக் கிணறும் போய் எங்கள் கிணறு போகாமல் நின்றது என்றதும் அண்ணன் தம்பி இருவருக்கும் தலைகால் புரியவில்லை. மேட்டாங்கரையிலிருந்து ஆட்கள் மஞ்சளும் பூவும் கொண்டுவந்து கும்பிட்டார்கள், பத்தினிக் கிணறு என்று பெயர் வைத்தார்கள், ஒரு டிவிக்காரர் மைக்கை நீட்டினார். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என் பாதி எங்கேயும் போகாது சார் என்றார். அந்தப்பக்கம் மூத்தாரும் அதையேதான் சொல்லியிருக்கிறார், டிவியில் அவரை முதலில் காட்டிவிட்டார்கள் என்று இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மானம் கெட்ட பெருமை.

எனக்குத் தெரியும், அது பத்தினியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் ஆனால், மற்றக் கிணறுகள் கிளம்பிய அதே நேரத்தில், கிணற்றுக்குள் அடுக்கிய உறைகள் நறநறவென்று பல்லைக் கடிக்கும், பனங்கட்டை முனகும், குடத்தில் எடுத்துவைத்த தண்ணீர்கூட மேற்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கட்டிப்போட்ட கன்று தாயைப் பார்த்துக் கத்துமே, அந்த மாதிரி ஒரு குரல் அடியிலிருந்து வரும். நான் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துகொள்வேன்.

பிறகு அது கெட்டுப்போக ஆரம்பித்தது. கடல் ஏறுகிற நேரத்துக்கு எங்கள் கிணறும் ஏறியது, கடல் வடிகிற நேரத்துக்கு வடிந்தது. ஒருநாள் என் வாளியில் கடல்பாசி வந்தது. கழுவி எறிந்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. இன்னொருநாள் நண்டு ஒன்று வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து என்னைப் பார்த்தது, எங்கள் கொல்லைக்கும் கடலுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் மணல் கிடக்கிறதே, இது எந்த வழியாக வந்தது என்று யோசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மேலே நடந்து வரவில்லை. நாங்கள் நிற்கிற தரைக்கு அடியிலேயே வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் அம்சவல்லியக்காவின் வாளியில் கிழிந்த வலை ஒரு முழம் வந்தது, மிதவைக் கட்டையோடு.

"தையலு," என்று என்னைக் கூப்பிட்டாள் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, குரலே எழும்பவில்லை. "இது நம்ம ஊரு வல இல்லடி."

"யாரு வலக்கா?"

"இது ஆழ்கடல்ல போடுற வல."

நிறைமதிக்கு அப்போதுதான் ஐந்து முடிந்திருந்தது. உதடு வெடித்து, கண்ணுக்குக் கீழே தோல் உரிந்து, குடித்த தண்ணீரைக் குடித்த வேகத்தில் வாந்தியெடுத்தாள். மேட்டாங்கரையிலிருந்து யாராவது வரும்போது ஒரு கேன் நல்ல தண்ணீர் வாங்கி அவளுக்கு மட்டும் சங்கில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் படுத்துக்கொண்டு தரையில் காதை வைத்து, "அம்மா, கீழ யாரோ பாய் சுருட்டுறாங்க" என்றாள். நானும் காதை வைத்துப் பார்த்தேன். அலைச் சத்தம். என் பிள்ளையை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம், வீடு வேண்டாம், தென்னை வேண்டாம், இந்தத் தரை எங்களை விழுங்குவதற்குள் இவளை மட்டும் மேட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், வாய்விட்டு, சோறு வடிக்கும்போதும்.

"என்னாங்க, போயிடலாம்," என்றேன் அவரிடம்.

"கெணறு நிக்கிதுல்ல. அதுக்கு முன்னாடி நாம எப்புடிப் போவ முடியும்? உப்பளத்துல கெடந்துச்சே, அந்த மாரி இதையும் சாவ உட சொல்றியா?"

"அது நிக்கலங்க. மாட்டிக்கிட்டுத் தவிக்கிது. சொவத்த எடுத்துட்டா அதுவே கெளம்பிடும்."

"நான் கை வச்சா பாதி அண்ணனுக்குப் போயிடும்."

"போனா போவட்டுமே! குடிக்கவே முடியாத தண்ணில பாதி இருந்தா என்ன, முழுசா இருந்தா என்ன?"

அவருக்கும் பயம்தான், எனக்குத் தெரியும், கண்ணாடி முன்னால் நின்று வெள்ளை வேட்டியை மூன்றுதரம் அவிழ்த்து மூன்றுதரம் கட்டினார். அந்தப்பக்கமும் இதே பேச்சு, இதே பதில் என்று அம்சவல்லியக்கா சொன்னாள். "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே" என்றாள்.

பிறகு அவள்தான் கேட்டாள், பாகம் பிரித்த அன்று பஞ்சாயத்தார் என்ன சொன்னார்கள் என்று. எந்த அண்ணன் தம்பி முதலில் கை வைக்கிறானோ என்றார்கள் என்றேன்.

"பொம்பளையப் பத்தி எதாச்சும் சொன்னாங்களா?"

"நம்மள அன்னைக்கு அங்க யாருக்கா கூப்புட்டா?"

"அப்ப சரி," என்றாள். "இருந்தாலும் ஒண்ணாவே கை வைப்போம். நாளைக்கு ஒன் புருசன், நீதான் மொதல்லன்னு ஒரு பேச்சு பேசக்கூடாது."

மறுநாள் மத்தியானம் இரண்டு ஆண்களும் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும், நிறைமதியை வாசலுக்கு அப்பால் ரோட்டோரப் புளியமரத்தடியில் கேனோடு உட்காரவைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அந்தப்பக்கம் அவள் மண்வெட்டிக் காம்பால் சுவரைத் தட்டினாள். நான் தட்டினேன். சேர்ந்து இடித்தோம். மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர், உப்புக்காற்றில் செங்கல் எல்லாம் வெல்லக்கட்டியாகப் பொரிந்திருந்தது, நாலு குத்திலேயே நடுவில் ஒரு ஓட்டை விழுந்து அதற்குள் ஒரு முகம் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை வருஷமோ, எனக்குக் கொஞ்சநேரம் அது யார் என்றே புரியவில்லை.

"அக்கா, ஒனக்கு இவ்ளோ நரைச்சிப்போச்சா," என்றேன்.

"ஒனக்கு மட்டும் என்னாவாம்," என்றாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. கீழே கிணறு உறுமியது. சிரிப்பை விட்டுவிட்டு மறுபடி இடித்தோம்.

சத்தம் கேட்டு ஆண்கள் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். ஓடிவந்து அவரவர் எல்லையில் நின்றுகொண்டு, எங்களை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக் கத்தினார்கள், உன் பொண்டாட்டிதான் முதலில், இல்லை உன் பொண்டாட்டிதான் என்று. பேசாத வருஷத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். அதற்குள் நாங்கள் செங்கல்லைத் தள்ளிவிட்டுப் பனங்கட்டைக்கு ஆளுக்கொரு முனையாகக் குனிந்திருந்தோம். மழையும் வெயிலும் ஏறிய கட்டை, இரண்டு பொம்பளை தூக்குகிற கனமா அது? அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை, மூத்தார் முதலில் வாயை மூடினார், வந்து தன் பொண்டாட்டி பக்கத்தில் குனிந்தார். அவர் குனிந்ததும் இவரும் வந்து என் பக்கத்தில் குனிந்தார். கட்டை கிளம்பியது, ஓரமாகப் போட்டோம்.

கிணறு ஒரு மூச்சு நின்றது. பாகம் பிரித்த பிறகு முதல்தடவையாக அதன் வாய் முழுசாக வட்டமாகத் தெரிந்தது, தண்ணீர் கறுப்பாக, விளிம்புவரை. பிறகு போயிற்று. மற்றக் கிணறுகள் போனது மாதிரி இல்லை. கண்முன்னால், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொல்லை வேலியைத் தாண்டி ரோட்டில் ஏறிப் போயிற்று, போகிற போக்கில் தண்ணீரை அள்ளி அள்ளி எறிந்துகொண்டு. அது இருந்த இடத்தில் மற்ற வீடுகளில் கிடந்ததுபோல் வெள்ளை மணல் கிடக்கவில்லை. அங்கே கடல் இருந்தது. வட்டமாக, பச்சையாக, நுரையோடு, மேலே மேலே வந்துகொண்டு.

"ஓடுங்க!" என்று கத்தியது நான்தான்.

யாரும் எதையும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் நிறைமதியைத் தோளில் தூக்கிக்கொண்டார், மூத்தார் குடத்தை எடுத்துக்கொண்டார், ஊர்க்கட்டு அந்த நேரத்திலும் அவருக்கு மறக்கவில்லை. ஆளில்லாத மேலத்தெரு வழியாக, மொட்டையாக நின்ற தென்னைகளுக்கு நடுவே, உப்பேறி வெளுத்த வயல்களைத் தாண்டி, கிணற்றின் ஈரத் தடத்தை மிதித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனோம். ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஓட்டு வீட்டின் வாசல் பளபளவென்று மின்னியது, வாசல் தெளித்துவிட்டு வந்த மாதிரி. அதற்கப்புறம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டாங்கரை தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. வரிசையாகத் தகரக் கூரைகள், நாலு வீட்டுக்கு நடுவில் ஒரு கிணறு, குட்டைகளில் போன மழையின் தண்ணீர், வரப்பில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு ஊரே ஓடிவந்தது. பத்தினிக் கிணறு வருது, பத்தினிக் கிணறு வருது என்று பெண்கள் குலவையிட்டார்கள், காத்தாயி ஆரத்தித் தட்டோடு நின்றாள், எங்களுக்கென்று ஏற்கெனவே ஓர் இடம் வேறு பார்த்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள், வேப்பமரத்துக்குப் பக்கத்தில், நல்ல மேடு. என் வீட்டுக்காரர் பிள்ளையை இறக்கிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "வந்துட்டோம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிணறு நிற்கவில்லை.

அந்தச் சுத்தம் செய்த இடத்தை அது ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆரத்தித் தட்டை ஒட்டி, குலவையிட்ட பெண்களுக்கு நடுவே புகுந்து, அதே வேகத்தில் மேற்கே போயிற்று. சௌந்தரராசு குறுக்கே ஓடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "இதுதான் மேடு! இதுக்கு மேல எங்க போவப்போற? நில்லு!" என்றார். அவர் குரலில் பழைய அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கிணறு அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் வேட்டி நனைந்தது. நனைந்த நுனியை எடுத்து அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார், பார்த்துவிட்டு யாரையும் பார்க்காமல் கீழே உட்கார்ந்துவிட்டார்.

குலவை நின்றுபோனது. மற்றக் கிணறுகள் எல்லாம் உப்பின் வாடை பட்டதுமே கிளம்பி வந்துவிட்டவை, அவற்றுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மேடு தெரிந்ததும் நின்றுவிட்டன. எங்கள் கிணறுதான் கட்டிப்போடப்பட்டு, அடியில் வந்த கடலோடு அத்தனை நாள் கிடந்தது. கடல் எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரம் வரும் என்று அதற்குத்தான் தெரியும். அது நிற்கவில்லை என்றால் இந்த மேடு போதாது. இது எனக்குப் புரிந்த அதே நேரத்தில் அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் காத்தாயி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது அவள் கிணறு எழுந்தது. தண்ணீர் தளும்பி, உறை கிறீச்சிட, பட்டப்பகலில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் எழுந்து எங்கள் கிணற்றின் பின்னால் போயிற்று. அதன் பின்னால் பூசாரி வீட்டுக் கிணறு. அதன் பின்னால் பள்ளிக்கூடத்துக் கிணறு. மேட்டாங்கரைக்காரர்களின் சொந்தக் கிணறுகள், பிறந்ததிலிருந்து ஒரு அடி நகராதவை, அவைகூடக் கடலைக் கொல்லைகளில் இருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. பெண்கள் குடத்தைத் தேடி வீட்டுக்குள் ஓடினார்கள். யாரோ கூரைத் தகரத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"இங்கயே இருந்துடலாம்டி," என்றார் என் வீட்டுக்காரர். முகம் வெளுத்திருந்தது. "வீட்டுக்கு ஒருத்தரு பின்னாடி நடந்தா போதும்னுதான கட்டு. மத்தவங்க நிக்கக்கூடாதுன்னு இல்லியே."

"வாடா," என்றார் மூத்தார், குடத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு. "வாடா தம்பி, நடடா."

அம்சவல்லியக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. நான் நிறைமதியின் கையைப் பிடித்தேன். மேற்கே வெயில் சாய்ந்திருந்தது, கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பளபளத்துக்கொண்டு அந்த வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தன, எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கள் கிணறு, சின்னதாகத் தெரிந்தது, இன்னும் வேகம் குறையவில்லை.

"எங்கம்மா போவுது?" என்று கேட்டாள் என் மகள்.

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், மணலில் செருப்போடு ஓட முடியாது.